கதவுகள் மூடினாலும் நிற்காத குதிரை வீரர்



உங்களை ஒரு விருந்துக்கு அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நல்ல உடை உடுத்தி, தலை வாரி, ஆசையோடு போகிறீர்கள். வாசலில் நிற்பவர் உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார். பிறகு, இந்த வாசல் வழியாக நீங்கள் போகக் கூடாது என்று தடுத்து விடுகிறார். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உங்கள் தோலின் நிறம் கறுப்பு என்பது மட்டுமே காரணம். உங்களுக்கு எப்படி இருக்கும்?

1961-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் லூயிவில் என்ற நகரத்தில், ஒரு முதியவருக்கு இப்படித்தான் நடந்தது. அப்போது அவருக்கு வயது 79. அந்த ஊரின் மிகப் பெரிய குதிரைப் பந்தயத்தை அவர் இரண்டு முறை வென்றவர். ரஷ்யா, போலந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று பல நாடுகளில் குதிரை ஓட்டிப் புகழ் பெற்றவர். அவர் பெயர் ஜிம்மி விங்க்பீல்டு. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஜாக்கி என்பவர் யார்?

பந்தயக் குதிரையை ஓட்டும் வீரரை ஜாக்கி என்பார்கள். தடைகள் எதையும் தாண்டாமல், சமதளத்தில் ஓடும் பந்தயத்துக்கு ஒல்லியான, சிறிய உடல் கொண்டவர்களே ஜாக்கியாக முடியும். ஓட்டுபவரின் எடை கூடினால் குதிரையின் வேகம் குறைந்துவிடும் அல்லவா? அதனால் பந்தயத்துக்கு முன்பும் பின்பும் ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் நிறுத்திப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட எடைக்குக் குறைவாக இருந்தால், சேணத்தில் ஈயத் துண்டுகளை வைத்துச் சரிக்கட்டுவார்கள்.

சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து போவதில்லை. அங்கவடியில் கால்களை ஊன்றி, உடலை முன்னால் வளைத்து, குந்தியபடி போவார். எப்போது குதிரையை அடக்க வேண்டும், எப்போது விரட்ட வேண்டும் என்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் தவறினாலும் ஆபத்துதான். உடல் பலத்தோடு, குதிரையின் மனம் அறியும் திறமையும் ஜாக்கிக்கு வேண்டும்.

பந்தயத்தில் பணம் கட்டிச் சூதாடுவது வேறு விஷயம். அது நமக்கு வேண்டாம். நாம் பார்க்கப் போவது ஓர் உழைப்பாளியின் வாழ்க்கையை.

பதினேழாவது பிள்ளை

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம் உண்டு. பசும்புல் வெளிகளுக்கும் உயர்சாதிக் குதிரைகளுக்கும் பெயர் பெற்ற இடம் அது. அங்கே லெக்சிங்டன் நகரத்துக்கு அருகில், சில்ஸ்பர்க் என்ற சிற்றூரில், 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி ஜிம்மி பிறந்தான். அப்பா அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்து, விளைச்சலில் பங்கு பெறும் ஏழைக் குடியானவர். வீட்டில் மொத்தம் 17 குழந்தைகள். ஜிம்மிதான் கடைக்குட்டி!

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல்தான் ஒழிந்தது. அதாவது ஜிம்மி பிறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு வரை, அங்கே கறுப்பின மக்களை ஆடு மாடுகளைப் போல விற்றார்கள், வாங்கினார்கள். பெரிய பண்ணைகளில் குதிரைகளுக்குத் தீனி போடுவதும், குளிப்பாட்டுவதும், பழக்குவதும் அவர்கள் வேலையாக இருந்தது. அதனால் குதிரைகளைப் பற்றிய அறிவு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது.

கென்டக்கி டெர்பி என்ற புகழ் பெற்ற பந்தயம் 1875-இல் முதன்முதலாக நடந்தது. அதில் ஓட்டிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்றவரும் அவர்களில் ஒருவரே. ஆகவே, லாயங்களைச் சுற்றி வளர்ந்த சிறுவன் ஜிம்மிக்கு, தானும் ஒரு ஜாக்கி ஆக வேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பு இல்லை. லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அதிகாலையில் எழுந்து குதிரைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தான்.

அவசரத்துக்குக் கிடைத்த தண்டனை

1898-ஆம் ஆண்டு. ஜிம்மிக்கு 16 வயது. சிகாகோவில் முதல் பந்தயம். ஓட்டம் தொடங்கியதும் மற்றக் குதிரைகளுக்குக் குறுக்கே புகுந்து, எப்படியாவது முன்னால் போய்விட வேண்டும் என்று பாய்ந்தான். விளைவு என்ன தெரியுமா? நான்கு குதிரைகள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன. ஓர் ஆண்டு பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை விதித்துவிட்டார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் மனம் ஒடிந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். ஜிம்மி போகவில்லை. தடைக்காலம் முடிந்ததும் திரும்பி வந்தான். இப்போது அவனிடம் அவசரம் இல்லை. காத்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தான். 1900-ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் மூன்றாவதாக வந்தான். அடுத்த ஆண்டு, 1901-இல், ‘ஹிஸ் எமினன்ஸ்’ என்ற குதிரையில் ஏறி முதலாவதாக வந்தான். அப்போது அவனுக்கு 19 வயது. இனி நாமும் அவரை மரியாதையோடு விங்க்பீல்டு என்றே அழைப்போமா?

மணலை அறிந்த மதி

1902-ஆம் ஆண்டுப் பந்தயம் இன்னும் சுவையானது. ஒரே சொந்தக்காரருக்கு இரண்டு குதிரைகள். ஒன்று ‘தி ரைவல்’. இன்னொன்று ‘ஆலன்-அ-டேல்’. எந்தக் குதிரை வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, பெயர் பெற்ற ஒரு வெள்ளையின ஜாக்கிக்குக் கிடைத்தது. மிஞ்சியதுதான் விங்க்பீல்டுக்கு.

ஆனால் பயிற்சியின்போது இரண்டு குதிரைகளிலும் ஏறிப் பார்த்த விங்க்பீல்டுக்கு உண்மை தெரியும். ஆலன்-அ-டேலுக்குக் கால்கள் பலவீனம். ஆனாலும் அதன் வேகம் மற்றதற்கு இல்லை. எனவே பயிற்சியில் அதை முழு வேகத்தில் ஓட விடாமல் லகானை இழுத்துப் பிடித்தே ஓட்டினார். அதைப் பார்த்த மூத்த ஜாக்கி தி ரைவலை எடுத்துக்கொண்டார். விங்க்பீல்டு விரும்பிய குதிரை அவருக்கே கிடைத்தது!

பந்தய நாள் வந்தது. மொத்தம் நான்கே குதிரைகள். சுமார் இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஆலன்-அ-டேல் வேகமாக முன்னால் போய்விட்டது. ஆனால் கடைசித் திருப்பத்துக்குப் பிறகு அதன் கால் வலியெடுத்து, ஓட்டம் தடுமாறத் தொடங்கியது. பின்னால் வந்த குதிரைகள் நெருங்கின.

ஓடுபாதையில் எந்தப் பகுதி கெட்டியான மண், எந்தப் பகுதி கால் புதையும் மணல் என்பது விங்க்பீல்டுக்கு அத்துபடி. தன் குதிரையைக் கெட்டியான மண்ணின் ஓரத்தில் ஓட்டினார். அவரை முந்த நினைத்தவர்கள் விலகி மணலுக்குள் போக வேண்டியதாயிற்று. மணலில் குதிரைகளின் வேகம் குறைந்தது. நொண்டியபடியே ஓடிய ஆலன்-அ-டேல், ஒரு குதிரையின் மூக்கு அளவு வித்தியாசத்தில் வென்றது!

1875 முதல் 1902 வரை நடந்த 28 டெர்பிகளில், 15 முறை வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகளே. ஆனால் 1902-க்குப் பிறகு இன்றுவரை ஒரு கறுப்பின ஜாக்கி கூட அந்தப் பந்தயத்தை வெல்லவில்லை. ஏன்? திறமை திடீரென்று மறைந்து விட்டதா?

இல்லை குழந்தைகளே. புகழும் பணமும் பெருகியதும், அந்த இடம் தங்களுக்கே வேண்டும் என்று வெள்ளையின ஜாக்கிகள் சிலர் நினைத்தார்கள். ஓட்டத்தின்போது கறுப்பின ஜாக்கிகளின் குதிரைகளை வேலியோடு வைத்து நெருக்கினார்கள். அவர்களுக்கு அடியும் காயமும் பட்டன. சண்டை நமக்கு எதற்கு என்று சொந்தக்காரர்களும் கறுப்பின ஜாக்கிகளுக்குக் குதிரை கொடுப்பதை நிறுத்தினார்கள். 1921-க்குப் பிறகு 2000-ஆம் ஆண்டு வரை அந்தப் பந்தயத்தில் ஒரு கறுப்பின ஜாக்கி கூட ஓட்டவில்லை. ஒரு கதவு எப்படி ஓசையில்லாமல் மூடப்பட்டது என்று பாருங்கள்.

தவறிய வாக்கு

1903-இல் விங்க்பீல்டு மூன்றாவது முறையாக வென்றிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தப் பந்தயத்தை வென்ற ஜாக்கி இன்றுவரை யாரும் இல்லை. ஆனால் அன்று குதிரையைச் சற்று முன்னதாகவே விரட்டிவிட்டார். கடைசியில் அது களைத்துப்போய் இரண்டாவதாக வந்தது.

அதே ஆண்டு அவர் ஒரு பெரிய தவறும் செய்தார். ஒரு செல்வாக்கான சொந்தக்காரரிடம், அவருடைய குதிரையை ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இன்னொருவர் 3,000 டாலர் தருவதாகச் சொன்னதும், வாக்கை மீறி அவர் குதிரையில் ஏறிவிட்டார். அந்தப் பந்தயத்திலும் வெற்றி கிட்டவில்லை. கோபம் கொண்ட முதல் சொந்தக்காரர், விங்க்பீல்டுக்கு இனி அமெரிக்காவில் நல்ல குதிரைகள் கிடைக்காதபடி செய்துவிட்டார்.

பெரியவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது அவர்களின் தவறுகளை மறைக்கக் கூடாது. நிறவெறி அவர் செய்த தவறு அல்ல. ஆனால் வாக்குத் தவறியது அவர் தவறுதான். இரண்டும் சேர்ந்து அவரைத் தாய்நாட்டை விட்டே போக வைத்தன.

பனி நாட்டில் பெருவாழ்வு

1904-இல் கப்பலேறி ஐரோப்பா வந்து, ஜார் மன்னர் ஆண்ட ரஷ்யாவுக்குப் போனார். மொழி தெரியாது. உணவு புதிது. எலும்பை நடுக்கும் குளிர். ஆனால் குதிரை எந்த நாட்டில் இருந்தாலும் குதிரைதானே! அதன் மொழி அவருக்குத் தெரியுமே!

மாஸ்கோவிலும், அந்நாளில் ரஷ்யாவின் ஆட்சியில் இருந்த வார்சாவிலும் பெரும் பந்தயங்களை வென்றார். விரைவிலேயே நாட்டின் முன்னணி ஜாக்கி ஆனார். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கூட ஓட்டினார். பெரிய பள்ளிப்படிப்பு இல்லாத அவர், போகிற நாட்டு மக்களோடு பழகி ரஷ்ய மொழியும் போலந்து மொழியும் பேசக் கற்றார். பின்னாளில் பிரெஞ்சு மொழியும் பேசினார். மந்தாஷேவ் என்ற எண்ணெய்க் கிணற்று அதிபரின் குதிரைகளை ஓட்டியபோது, மாஸ்கோவின் சிறந்த ஓட்டலிலேயே தங்கி வசதியாக வாழ்ந்தார். கென்டக்கியின் பதினேழாவது பிள்ளைக்குப் பனி நாடு கதவைத் திறந்துவிட்டது.

குதிரைகளோடு ஒரு நெடும்பயணம்

அந்தக் கதவும் மூடியது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 1917-இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. மன்னராட்சி போயிற்று. பந்தயக்காரர்கள் தங்கள் குதிரைகளோடு தெற்கே, கருங்கடல் கரையில் உள்ள ஒடேசா நகரத்துக்குப் போனார்கள். 1919 ஏப்ரலில் புரட்சிப் படை ஒடேசாவையும் நெருங்கியது. பணக்காரர்களின் குதிரைகள் என்பதால், குதிரைகளுக்கும் ஆபத்து, உடன் இருந்தவர்களுக்கும் ஆபத்து.

என்ன செய்வது? ஜாக்கிகள், பயிற்சியாளர்கள், லாயப் பணியாளர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு, ருமேனிய மலைகளைக் கடந்து, போலந்தின் வார்சா நகரத்துக்குப் போய்விடுவது என்பதே அந்த முடிவு. தூரம் எவ்வளவு தெரியுமா? 1,700 கிலோமீட்டருக்கும் மேல்! அந்தக் கூட்டத்துக்கு வழிகாட்டியவர்களில் விங்க்பீல்டும் ஒருவர்.

பந்தயக் குதிரைகள் மென்மையானவை. பாறைப் பாதைக்கும் மலைக் குளிருக்கும் பழகாதவை. வழியில் தீனி இல்லை. மனிதர்களுக்கும் சோறில்லை. பசி தாங்க முடியாமல் போனபோது, தாங்கள் வளர்த்த குதிரைகளில் சிலவற்றைக் கொன்று தின்று உயிர் பிழைக்க வேண்டிய கொடுமையும் நேர்ந்தது. குதிரைகளையே உலகமாக நினைத்தவர்களுக்கு அது எத்தனை வேதனையாக இருந்திருக்கும்!

சுமார் மூன்று மாதம் கழித்து அவர்கள் வார்சா போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலான குதிரைகள் உயிரோடு இருந்தன. விங்க்பீல்டு சேர்த்த சொத்து எல்லாம் ரஷ்யாவிலேயே போயிற்று. மிஞ்சியது உயிரும் கைத்திறனும்தான்.

பிரான்சில் ஒரு வீடு

1920-இல் பிரான்சுக்கு வந்தார். பழைய முதலாளி மந்தாஷேவும் தப்பி அங்கே வந்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் சேணத்தில் ஏறினார் விங்க்பீல்டு. அந்த வயதில் பல ஜாக்கிகள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். இவரோ பாரிஸ் நகரைச் சுற்றியுள்ள மைதானங்களில் வென்று வலம் வந்தார். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் பெயரில் நடந்த பெரும் பந்தயத்தையும், ‘பஹாதுர்’ என்ற குதிரையில் வென்றார்.

பாரிசுக்கு அருகில், சேன் ஆற்றங்கரையில், மெசோன் லஃபீத் என்ற ஊர் இருக்கிறது. குதிரைப் பயிற்சிக்குப் பேர் போன ஊர். அங்கே வீடும் லாயமும் வாங்கினார். ரஷ்யாவிலிருந்து வந்த லிதியா என்ற பெண்மணியை மணந்தார். ராபர்ட் என்ற மகனும், லிலியான் என்ற மகளும் பிறந்தார்கள். 1930-இல் ஜாக்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் பல நாடுகளில் வென்ற பந்தயங்கள் ஏறக்குறைய 2,500! அதன் பிறகு குதிரைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் ஆனார்.

மீண்டும் முதலிலிருந்து

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-இல் ஹிட்லரின் படை பிரான்சைப் பிடித்தது. லாயங்கள் ஜெர்மானியர் கைக்குப் போயின. 1941-இல் விங்க்பீல்டு அமெரிக்காவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது வயது 59. நியூயார்க்கில் சாலை போடும் கூட்டத்தில் சேர்ந்து, கல்லை உடைக்கும் இயந்திரத்தைப் பிடித்து வேலை செய்தார். மாஸ்கோவும் பாரிசும் கைதட்டி வரவேற்ற கைகள் அவை! பிறகு தெற்கு கரோலினா மாநிலத்தில் ஒரு லாயத்தில் பணியாளராகச் சேர்ந்தார். பதினாறு வயதில் செய்த அதே வேலை. அவர் அதை இழிவாக நினைக்கவில்லை. குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் போதும் அவருக்கு.

உழைத்துச் சேர்த்த பணத்தோடு 1953-இல் பிரான்சுக்குத் திரும்பினார். மெசோன் லஃபீத் லாயத்தில் மறுபடியும் குதிரைகளின் குளம்புச் சத்தம் கேட்டது.

அந்த வாசலில்

இப்போது நாம் முதலில் பார்த்த வாசலுக்கு வருவோம். 1961-இல் அவருடைய கதையை ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ் வெளியிட்டது. பந்தயச் செய்தியாளர்கள் டெர்பியை ஒட்டி நடத்திய விருந்துக்கு அவரை அழைத்தார்கள். மகள் லிலியானோடு போனார். கறுப்பினத்தவர் முன்வாசல் வழியாக வரக் கூடாது என்று வாயில்காப்பாளர் தடுத்துவிட்டார்.

விங்க்பீல்டு திரும்பிப் போகவில்லை. தாங்கள் அழைக்கப்பட்ட விருந்தினர் என்று விளக்கிச் சொல்லி, காத்திருந்து, உள்ளே போனார்கள். உள்ளே போன பிறகும் பெரும்பாலோர் அவர்களிடம் பேசவில்லை. ரோஸ்கோ கூஸ் என்பவர் அவரோடு அன்பாகப் பேசினார். அவர் 1913-இல் டெர்பி வென்ற வெள்ளையின ஜாக்கி. விங்க்பீல்டின் அருமை தெரிந்தவர்.

சில நாட்களுக்குப் பின் தந்தையும் மகளும், 58 ஆண்டுகளுக்கு முன்பு அவர் கடைசியாக ஓட்டிய டெர்பி மைதானத்தில் அமர்ந்து பந்தயத்தைப் பார்த்தார்கள். பிறகு பிரான்சுக்குத் திரும்பினார்கள். 1974-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, தம் 91-ஆம் வயதில், மெசோன் லஃபீத்தில் விங்க்பீல்டு காலமானார். அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 2004-இல், அமெரிக்கக் குதிரைப் பந்தயப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். மரியாதை வந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை.

குழந்தைகளே, ஒரு தொழிலை ஐயம் திரிபறக் கற்றவருக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு என்பதற்கு விங்க்பீல்டு சாட்சி. வீடும் பணமும் இரண்டு முறை பறிபோயின. கற்ற தொழிலை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த விருந்து மண்டபத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. ஆனால் எழுந்து போய் அந்த முதியவரிடம் இரண்டு வார்த்தை பேச அவர்களுக்கு மனம் வரவில்லை. உங்கள் வகுப்பிலும் யாரும் பேசாமல் ஒதுக்கி வைக்கிற ஒரு மாணவரோ மாணவியோ இருக்கலாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் போனதும் நீங்கள் அந்தப் பெஞ்சில் போய் உட்காருவீர்களா?